கொரோனா காலத்தில் கோடை முகாம் நடத்தப் போகிறீர்களா? முதலில் காசைத் திருப்பிக் கொடுக்கத் தயாராகுங்கள்

2022 மே 16 முதல் 28 வரை, ஞாயிறு நீங்கலாக 12 நாள், எங்கள் ஊர் மாந்தோப்பில் கோடை முகாம் நடத்தினோம். 6 வயதிலிருந்து 14 வயது வரை 48 பிள்ளைகள். பெரியவர்கள் 10 பேர், அதில் பாதிப்பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். அதற்கு முந்தைய இரண்டு கோடையும் முகாம் என்ற பேச்சே இல்லை. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தபோது யாருக்கு முகாம் நினைவு வரும்? 2022ல் அடங்கித்தான் இருந்தது, ஆனால் ஏப்ரல் கடைசியில் சென்னை ஐஐடி வளாகத்தில் தொற்று நூறு பேரைத் தாண்டியதும் எங்கள் பெற்றோர்கள் பலர் தயங்கினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக உட்கார்ந்து எழுதிய விதிகள் பாதி, நடத்தும்போது பட்டுத் தெரிந்துகொண்டது பாதி, இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொரோனாவோ, ஃப்ளூவோ, நாளைக்கு வேறு ஏதாவதோ, மூச்சுக்காற்றில் பரவுகிற நோய் என்றால் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

கட்டணம் வாங்குவதற்கு முன்னால்

எல்லோரும் சானிடைசர் எத்தனை பாட்டில் வாங்கலாம் என்பதிலிருந்து தொடங்குவார்கள். நான் காசிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு அம்மா 1,500 ரூபாய் கட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் பையனுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. அன்றைக்குத்தான் சிலம்பத்தில் புது அடி சொல்லித்தருகிறார்கள், பையன் வேறு அழுகிறான், கட்டிய பணம் திரும்ப வராது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. என்ன செய்வார்? பாரசிட்டமால் சிரப் ஒரு மூடி ஊற்றி அனுப்பிவிடுவார். வாசலில் நீங்கள் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரைப் பிடித்தால் 98 என்று பச்சை விளக்கு எரியும். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், நானும் என் பிள்ளைக்கு அப்படிச் செய்து பள்ளிக்கு அனுப்பியவன்தான். ஆகவே விதியை மாற்றுங்கள்: வராத ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் திரும்ப வரும், காரணம் கேட்க மாட்டோம், மருத்துவர் சீட்டு வேண்டாம், காலை 6 மணிக்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டால் போதும். எங்களுக்கு அது நாளொன்றுக்கு 125 ரூபாய். மொத்த வசூல் 72,000 ரூபாயில் 10,000 ரூபாயை இதற்கென்று முதல் நாளே தனியாக எடுத்து வைத்தோம். கடைசியில் திருப்பிக் கொடுத்தது 3,875 ரூபாய்தான். ஒரு பந்தல் வாடகைகூட ஆகாது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா அண்ணன்களுக்கும் இதே விதி வேண்டும். ஒரு நாளைக்கு 300 ரூபாய் வாங்குகிற கல்லூரிப் பையன், தொண்டை கரகரவென்று இருந்தால் சொல்வானா? வராவிட்டாலும் அந்த நாள் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொன்னால்தான் சொல்வான். அவனுக்குப் பதில் நிற்க இரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே அவனைப் போன் போட்டுக் கெஞ்சிக் கூப்பிடுவீர்கள்.

பெரியவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், இதில் பேரமே வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் முகாம் நடத்தியபோது 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு ஜனவரியிலிருந்தும், 12 முதல் 14 வயதுக்காரர்களுக்கு மார்ச்சிலிருந்தும் ஊசி வந்திருந்தது. 12க்குக் கீழே எதுவும் இல்லை, எங்களிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த வயதுதான். சின்னவர்களுக்கு ஊசி இல்லாதபோது அவர்களைச் சுற்றி நிற்கிறவர்களுக்காவது இருக்கட்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்: எப்போது நிறுத்துவோம்? ஊரில் தொற்று ஏறத் தொடங்கினால், அல்லது முகாமில் இரண்டு வெவ்வேறு குழுக்களில் ஒரே சமயத்தில் தொற்று வந்தால், அன்றே மூடுவது என்று எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். நடுவில் உட்கார்ந்து பேசினால் 'இன்னும் நாலு நாள்தானே' என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டிவிடுவோம்.

இடம், அதாவது காற்று

முதலில் எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபம். ஏசி, மின்விசிறி, கழிப்பறை, எல்லாம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இந்தக் கிருமி பேசும்போதும் கத்தும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகளில் வருகிறது, மூடிய அறையில் அது சாம்பிராணிப் புகைபோல நின்றுகொண்டே இருக்கும். ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர வைத்துத் திரும்பவும் உள்ளேயேதான் விடுகிறது.

இதற்கு அமெரிக்காவில் 2020 கோடையில் நடந்த இரண்டு கதைகளைத்தான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். ஜார்ஜியா மாநிலத்தில் தங்கிப் பயிலும் ஒரு முகாம். வந்த எல்லோரும் 12 நாட்களுக்குள் எடுத்த நெகட்டிவ் சான்றிதழோடுதான் வந்தார்கள். ஊழியர்களுக்கு மாஸ்க் கட்டாயம், பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே அறையில் 26 பேர் வரை தூங்கினார்கள், கூடுதல் காற்றுக்காக ஜன்னல் கதவுகளைத் திறந்து வைக்கவில்லை, தினமும் சத்தமாகப் பாட்டும் கூச்சலும். ஒரு இளம் ஊழியருக்குக் குளிர் கண்டது, இரண்டு நாளில் பாசிட்டிவ் என்று முடிவு வந்தது, ஒரு வாரத்துக்குள் முகாமையே மூடினார்கள். அந்த மாநிலத்துக்காரர்கள் 597 பேரில் 344 பேரின் பரிசோதனை முடிவு கிடைத்தது. அதில் 260 பேருக்குத் தொற்று. அதே கோடையில் மெய்ன் மாநிலத்தில் நான்கு முகாம்கள், மொத்தம் 1,022 பேர். வருவதற்கு முன் வீட்டில் 10 முதல் 14 நாள் ஒதுங்கியிருந்தது, வருவதற்கு முன் ஒரு பரிசோதனை, வந்த சில நாளில் இன்னொன்று, சின்னச் சின்னக் குழுக்கள், மாஸ்க், கூடிய மட்டும் வெளியில். அங்கே மூன்று பேருக்குத்தான் தொற்று, அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை.

இதைக் கேட்டதும் ஒரு அப்பா, 'அப்படியென்றால் நாமும் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துவிடலாமே' என்றார். தங்கும் முகாமுக்கு அது சரி. நம் முகாமில் பிள்ளைகள் தினமும் வீட்டுக்குப் போய், சாயங்காலம் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய், மறுநாள் திரும்பி வருகிறார்கள். முதல் நாள் எடுத்த சான்றிதழ் இரண்டாம் நாளே பழைய காலண்டர் மாதிரிதான். அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.

சரி, வெளியில் நடத்துவது என்று முடிவானால் அடுத்த எதிரி வெயில். கத்திரி வெயில் நடக்கிற நேரத்தில் காற்றோட்டம் வேண்டுமென்று பிள்ளைகளைத் திறந்த மைதானத்தில் நிறுத்துவது முட்டாள்தனம். கொரோனாவுக்குப் பயந்து வெப்பத் தாக்குக்குப் பிள்ளையைப் பறிகொடுக்கக் கூடாது. நாங்கள் காலை 6:30க்குத் தொடங்கி 10 மணிக்கு முடித்தோம், ஓடியாடும் விளையாட்டெல்லாம் 8 மணிக்குள், அப்புறம் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைகள். மாந்தோப்பும் புளியந்தோப்பும் நல்ல நிழல். தென்னந்தோப்பு வேண்டாம், காய்ந்த மட்டை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாந்தோப்பிலும் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதல் நாளே அண்ணாந்து பார்த்துவிடுங்கள், நாங்கள் பார்க்காமல் விட்டு அரை மணி நேரம் ஒரே கூப்பாடு. ஒரு பிள்ளை தலைவலி, வாந்தி என்றால் உடனே நிழல், தண்ணீர், ஈரத்துணி. பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ காத்திருக்கவே கூடாது, துணியை நனைத்துப் போட்டுக்கொண்டே 108க்கு அழையுங்கள்.

தோப்பு கிடைக்கவில்லை, மண்டபமோ பள்ளி வகுப்பறையோதான் என்றால் எல்லா ஜன்னலையும் கதவையும் திறங்கள், ஏசியை மறந்துவிடுங்கள். ஒரு பக்கத்து ஜன்னலில் பெடஸ்டல் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள், அது உள்ளிருக்கும் காற்றைத் தள்ள, எதிர்ப்பக்கத்திலிருந்து புதுக்காற்று வரும். ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் போகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். தேங்குகிற மூலையில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

குழு பிரிப்பது

48 பேரையும் எட்டெட்டாக ஆறு குழு. ஒரு குழுவுக்கு ஒரே அக்கா அல்லது அண்ணன், 12 நாளும் மாறக்கூடாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஏழு பேரை மட்டும் யோசித்தால் போதும் என்பதுதான் கணக்கு.

நாங்கள் செய்த தவறு, முதலில் வயது வாரியாகப் பிரித்தது. பிரித்து முடித்து வாசலில் நின்று பார்த்தால், ஒரே ஷேர் ஆட்டோவிலிருந்து ஆறு பிள்ளைகள் இறங்கி ஆளுக்கொரு குழுவுக்கு ஓடுகிறார்கள். அரை மணி நேரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்களை உள்ளே பிரித்து வைத்து என்ன பயன்? இரண்டாம் நாளே கலைத்துவிட்டு, ஒரே வண்டியில் வருகிறவர்கள், அண்ணன் தங்கைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒரே குழு என்று மாற்றினோம். 7 வயதும் 13 வயதும் ஒன்றாக இருந்ததில் முதலில் கொஞ்சம் சண்டை, அப்புறம் பெரியதுகள் சின்னதுகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தன. வேனில் ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்து ஓட்டச் சொல்லி டிரைவரிடம் பேசிவிடுங்கள். வாசலில் பெற்றோர் கூட்டம் சேராமல் இருக்க, குழுவுக்குப் பத்து நிமிடம் தள்ளித் தள்ளி நேரம் கொடுங்கள்.

ஆறு அடி தள்ளி நில் என்று பிள்ளைகளிடம் சொல்வது சும்மா. குழுவுக்குள் அது நடக்காது, நடக்குமென்று நம்பித் திட்டம் போடாதீர்கள். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தரையில் சுண்ணாம்பில் பெரிய வட்டம் போட்டு, அதில் அந்தந்தக் குழுவின் பெயரை எழுதி வைத்தோம். மயில் வட்டத்துக்குள் கிளி வந்தால் மயில்களே விரட்டிவிடும்.

பெரியவர்கள்தான் இதில் பெரிய தலைவலி. பிள்ளைகளை வட்டத்துக்குள் வைத்துவிட்டு, 10 மணிக்கு முகாம் முடிந்ததும் அண்ணன் அக்காக்கள் எல்லோரும் சின்னக் கொட்டகைக்குள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார்கள். ஒரே டீயில் ஆறு குழுவும் ஒன்றாகிவிட்டது. டீயை மரத்தடிக்கு மாற்றினோம்.

என்ன விளையாடுவது

கபடி வேண்டாம். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிராளி மேல் விழுகிற விளையாட்டு, இதைவிடக் கிருமிக்கு வேறென்ன வேண்டும். சிலம்பம் இதற்கென்றே பிறந்தது மாதிரி: கம்பு சுழலும் தூரத்துக்குள் எவனும் வரமாட்டான், இடைவெளியை நாம் சொல்லவே வேண்டாம். நொண்டி, கில்லி, பம்பரம், கயிறு தாண்டுதல் எல்லாம் சரி. கில்லிக்கு மட்டும் பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கண்ணுக்காக. பாட்டு வேண்டுமா, திறந்த வெளியில், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்று பாடட்டும். பாட்டுக்குப் பாட்டு என்று இரண்டு அணி முகத்துக்கு முகம் கத்துவது கூடாது. விசிலை வாயில் வைத்து ஊதுவதற்குப் பதில் ஒரு பறையை வாங்கி வைத்தோம், இரண்டு தட்டு என்றால் கூடு, மூன்று தட்டு என்றால் தண்ணீர் குடி. முகாமில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது அதுதான்.

கலர் பென்சில், கத்தரிக்கோல் எல்லாம் ஆளுக்கொரு பையில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுங்கள், முடிந்தது. பொருளைத் தொட்டுத் தொற்றுவது இந்த நோயில் மிகக் குறைவு என்று பின்னால் தெரிந்துவிட்டது. பந்தையும் கம்பையும் மணிக்கொரு தரம் துடைத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது.

சாப்பாடு, தண்ணீர்

மாஸ்க் இறங்குவதும், முகம் பார்த்துப் பேசுவதும், வட்டமாக உட்காருவதும் ஒன்றாக நடப்பது சாப்பிடும்போதுதான். ஆகவே சாப்பாட்டு நேரத்தில்தான் மிகக் கவனம் தேவை. மரத்தடியில், குழுக்குழுவாக, எதிரெதிரே உட்காராமல் ஒரே வரிசையில் பந்தி மாதிரி. வீட்டு டிபன் பாக்ஸ், பங்கு போட வேண்டாம் என்று சொன்னோம். யாரும் கேட்கவில்லை. மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தொட்டுக்கொள்வதை எந்த விதியாலும் தடுக்க முடியாது, கையையாவது கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று விட்டுவிட்டோம்.

தண்ணீர் பாட்டில் அவரவருடையது. மறந்தவர்களுக்குப் பானைத் தண்ணீர், பானையிலேயே குழாய் வைத்தது. டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. 9 மணிக்கு எல்லோருக்கும் மோர், உப்புத் தூக்கலாக.

மாஸ்க், கை, தெர்மாமீட்டர்

5 வயதும் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கு மாஸ்க் வேண்டாம், 6 முதல் 11 வரை பெரியவர் பார்வையில், 12க்கு மேல் பெரியவர்கள் மாதிரி என்பதுதான் அப்போது மத்திய சுகாதாரத் துறை சொன்னது. நாங்கள் உள்ளே, வேனில், முதலுதவி கொடுக்கும்போது கட்டாயம் என்றும், வெளியில் ஓடும்போது கழற்றிவிடலாம் என்றும் வைத்தோம். வேர்வையில் நனைந்த மாஸ்க் மூச்சை அடைக்கும், ஆகவே ஆளுக்கு மூன்று, நனைந்ததைப் போட ஒரு மஞ்சப்பை.

சோப்பு, தண்ணீர், 20 விநாடி. சானிடைசர் அக்காவின் கையில் மட்டும் இருக்கட்டும், அதில் 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும், ஆனால் அது தீப்பிடிக்கும், சின்னப் பிள்ளைகள் குடித்தும்விடும். பிள்ளைகள் மேல் எதையும் தெளிக்காதீர்கள். 2020 ஏப்ரலில் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்து, பார்த்தவர்களெல்லாம் அவரவர் ஊரில் வைத்தார்கள், அதே மாதம் மத்திய சுகாதாரத் துறை ஆட்கள் மேல் தெளிப்பது கூடாது, கண்ணுக்கும் தோலுக்கும் கேடு என்று சொல்லிவிட்டது.

தெர்மாமீட்டர் துப்பாக்கியை நம்பாதீர்கள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளைக்கு 100 காட்டும், அறிகுறியே இல்லாமல் தொற்றோடு வருகிற பிள்ளைக்கு 97 காட்டும். பத்து நிமிடம் நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள். அதைவிட, ராத்திரி தூங்கினாயா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அக்கா கேட்கிற இரண்டு கேள்வியில் அதிகம் தெரியும். 'அம்மா மருந்து குடுத்தாங்க' என்று சின்னதுகள் உண்மையைப் போட்டு உடைத்துவிடும்.

யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்

ஆறாம் நாள், சனிக்கிழமை 9 மணிக்கு ஒரு பெண் குழந்தை அசந்து உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல், தொண்டை வலி. இதற்கென்று காற்றோட்டமான ஒரு திண்ணையை ஒதுக்கி வைத்திருந்தோம், அங்கே கூட்டிப்போனோம். தனியாக விடவில்லை, என்-95 போட்டுக்கொண்டு அவள் குழுவைப் பார்த்துக்கொள்கிற அக்காவே கூட உட்கார்ந்தாள். உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தீண்டத்தகாதவள் மாதிரி மூலையில் உட்கார வைத்தால், அடுத்த பிள்ளை காய்ச்சலை மறைக்கும்.

அம்மா வந்து அழைத்துப் போனார், அன்று மதியமே அரசு மருத்துவமனையில் ஆர்டி-பிசிஆர் எடுத்தார்கள். அந்தக் குழுவின் மற்ற ஏழு வீட்டுக்கும் நானே தனித்தனியாகப் போன் செய்தேன். பெற்றோர்களின் பொது வாட்ஸ்அப் குழுவில் போட்டது இவ்வளவுதான்: 'ஒரு குழுவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். பரிசோதனை முடிவு வரும்வரை அந்தக் குழு வீட்டில் இருக்கும். அவர்களிடம் பேசிவிட்டோம். உங்களுக்குப் போன் வரவில்லை என்றால் உங்கள் குழந்தை அந்தக் குழுவில் இல்லை. முடிவு வந்ததும் சொல்கிறோம்.' பெயரைப் போடக்கூடாது. பத்து நிமிடத்தில் யார் வீடு என்று கேட்டு நாலு பேர் எழுதினார்கள், பதில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள், எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும்.

திங்கள் மதியம் நெகட்டிவ் என்று வந்தது, வெறும் சளிக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை ஏழு பேர் திரும்பினார்கள், அவள் வியாழக்கிழமை வந்தாள். ஒரு அப்பா மட்டும் வீணாக ஒரு நாள் போச்சே என்று கோபப்பட்டார், 125 ரூபாயை அன்றே அனுப்பிவைத்தோம். பாசிட்டிவாக வந்திருந்தால் அந்தக் குழு மீதி நாட்கள் முழுக்க வீட்டில்தான் இருந்திருக்கும், அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரப்ப முடியும் என்பதால் வியாழனிலிருந்து அவளோடு யார் யார் இருந்தார்கள் என்று நோட்டைப் புரட்டியிருப்போம். இதற்காகத்தான் தினமும் யார் வந்தார்கள், எந்த வண்டியில், எந்த அக்காவோடு என்று ஒரு 100 பக்க நோட்டில் எழுதச் சொல்கிறேன். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. மூச்சுத் திணறலோ, நீலம் பாய்ந்த உதடோ, எழுப்ப முடியாத தூக்கமோ என்றால் பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்காமல் 108.

நிறைவு விழாவை மண்டபத்தில் வைக்கலாம் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். 12 நாள் பிரித்து வைத்ததை ஒரு மணி நேரத்தில் கலக்க வேண்டாம் என்று தோப்பிலேயே, குழுவுக்கு அரை மணி நேரம், வீட்டுக்கு இரண்டு பேர் என்று வைத்தோம். அந்த நோட்டை முகாம் முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள். கடைசி நாளிலிருந்து 14 நாள் கையில் வைத்திருங்கள், ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் எல்லா வீட்டுக்கும் ஒரு செய்தி அனுப்பி யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு எல்லா வீட்டிலிருந்தும் பதில் வந்தது, அதில் 11 பேர் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டிருந்தார்கள்.